எத்தனை நாள் இருப்பீங்க

"நாங்க ரெண்டு பேரும் கெளம்பி வர்றோம் சகல" என்று அவன் ஃபோனில் சொன்னதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எத்தன நாள் இருப்பீங்க?" என்பதுதான். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுமில்லை. லீவு சொல்ல வேண்டும், படுக்க இடம் ஒதுக்க வேண்டும், விருந்தாளியிடம் எல்லாரும் கேட்பதுதான். ஆனால் நான் கேட்ட தொனி என் மனைவிக்குப் பிடிபட்டுவிட்டது. ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கி, "அவர் கெடக்கறாரு தம்பி, நீங்க எத்தன நாள் வேணாலும் இருங்க" என்றாள். இரண்டு வாரம்தானாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஊரில் மெத்தைக் கடை வைத்திருக்கிறான். அதனால் என் மனசுக்குள் அவன் பெயர் மெத்தை. நேரில் வாங்க, போங்க. உள்ளுக்குள் அவன், இவன். எங்கே போனாலும் அவனுக்கென்று ஒரு மெத்தை விரித்துக் கிடக்கும். கல்யாண வீட்டில் அவன் உட்கார்ந்த பக்கம்தான் மின்விசிறி சுற்றும். ரயிலில் அவனுக்குத்தான் ஜன்னல் கிடைக்கும். அதற்கெல்லாம் அவன் ஒரு துரும்பைக்கூட அசைத்திருக்க மாட்டான், அதுதான் எனக்குப் பொறுக்காது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த நாட்டுக்கு வந்து, இவர்கள் மொழியில் பரீட்சையெல்லாம் எழுதி, தனியாக ஒரு லிஃப்டில் கை வைக்கலாம் என்று லைசென்ஸ் வாங்குவதற்குள் என் தலைமுடி பாதி போய்விட்டது. மனைவிக்குக் காய்கறி நறுக்கிப் பாக்கெட் போடும் தொழிற்சாலையில் வேலை. காய் வாடாமல் இருக்க அந்தக் கூடத்தையே குளிர்பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அவள் விரல்கள் மடங்காது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவள், "போதுங்க. பாப்பா அடுத்த வகுப்புக்குப் போறதுக்குள்ள ஊருக்குப் போயிடலாம்" என்றாள். நான் முடியாது என்றேன். அங்கே போனால் நான் மறுபடியும் எவனுக்கோ ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "தங்கச்சி வந்துட்டுப் போகட்டும். அவங்க கெளம்பறதுக்குள்ள நான் ஒரு முடிவு சொல்றேன். சொன்னா நீங்க மறுபேச்சு பேசக் கூடாது." நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆகவே இந்த இரண்டு வாரமும் இந்த ஊர் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் கவலை. நானே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, அவள் மனசை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதில் மண் விழுந்தது. கூட வேலை செய்கிறவன் முதுகுவலி என்று படுத்துக்கொண்டான், எனக்கு லீவு இல்லை. மனைவிக்கு மட்டும் கிடைத்தது. பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை. மெத்தை, கொழுந்தியாள், மனைவி, மகள் என்று நாலு பேரும் காலையில் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்புகளும் உள்ளே சிரிப்புமாக இருக்கும்.

முதல் நாளே பஸ் கதை. மெத்தை எதையோ வேடிக்கை பார்த்துப் பின்தங்கிவிட்டானாம். பஸ் கிளம்பிவிட்டதாம். கையை ஆட்டிக்கொண்டு ஓடினானாம். டிரைவர் நிறுத்தி, கதவைத் திறந்து, "மெதுவா, மெதுவா" என்று சைகை வேறு காட்டினாராம். நான் எத்தனை காலை அந்த பஸ் பின்னால் டூல்பாக்ஸோடு ஓடியிருக்கிறேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துகிற அதே டிரைவர்தான். மீசையை வைத்து அடையாளம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அடுத்தது துடைப்பம். எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் கிழவிக்கு நாங்கள் வைத்த பெயர். பாப்பா ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், துடைப்பக் கட்டையால் கீழிருந்து கூரையை இடிப்பாள். நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து அவள் எங்களோடு பேசிய பேச்சு அந்த இடி ஒன்றுதான். மாடிப்படியில் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். அந்தத் துடைப்பத்தின் வீட்டிலிருந்து மெத்தை ஒரு டப்பா பிஸ்கட்டோடு மேலே ஏறி வருகிறான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றாளாம், இவன் வாங்கிக்கொண்டு போய் வைத்தானாம். உட்காரவைத்து, செத்துப்போன புருஷனின் ஃபோட்டோவெல்லாம் காட்டியிருக்கிறாள்.

"நீங்க எந்த பாஷைல பேசினீங்க?" என்று கேட்டேன்.

"நான் தமிழ்ல பேசினேன், அவங்க அவங்க பாஷைல பேசினாங்க" என்றான். "நல்லா புரிஞ்சுது சகல. பாவம், தனியா இருக்காங்க."

எனக்கு வயிறு எரிந்தது. மொழி விஷயத்தில் இந்த ஊர் செய்கிற ஓரவஞ்சனையைச் சொல்லி மாளாது. மெத்தைக்குத் தெரிந்தது "நன்றி" என்கிற ஒரே வார்த்தை. அதையும் அவன் சொன்னால் வேறென்னவோ மாதிரி இருக்கும். கடைக்காரப் பெண் அதற்கே வாயெல்லாம் பல்லாகி, கல்லாவை விட்டு வெளியே வந்து, இப்படிச் சொல்ல வேண்டும் என்று உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள். நான் அதே கடையில் எழுவாய், பயனிலை எல்லாம் சரிபார்த்து ஒரு முழு வாக்கியம் பேசினால், முகத்தைச் சுளித்து "என்ன?" என்பாள். ஒன்றுமே தெரியாதவன் இங்கே விருந்தாளி. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அந்நியன். இதை நான் சாப்பிடும்போது சொன்னேன். மனைவி, "உங்களுக்கு ஏன் இப்படிப் பொறுக்க மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பரிமாறினாள்.

அப்புறம் நான் மழைக்கு வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன், நன்றாகக் கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சொல்லிவைத்த மாதிரி அன்றைக்குக் கொட்டித் தீர்த்தது. மாலையில் நனைந்த கோழி மாதிரி வந்து மூலையில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னா மழை சகல, ஒரு சத்தம் இல்ல, சேறு இல்ல, ரோடு கழுவி விட்டாப்ல ஆயிடுச்சு" என்கிறான். ஒரு பூங்காவில் மரத்தடியில் ஒதுங்கி நின்றார்களாம். குளத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். எந்தப் பூங்கா என்று கேட்டால் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டித்தான் நான் தினமும் வேனை நிறுத்துகிறேன். உள்ளே ஒரு குளம் இருப்பது எனக்குத் தெரியாது.

"நமக்கும் தெரியல பாருங்க" என்றாள் மனைவி. அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. விரல்கள் தட்டின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அவள் விரல்கள் தாளம் போட்டு நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்கு நல்லதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது அவனால் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து என்னால் விழுங்க முடியவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவனுக்கு இந்த ஊரின் அசல் முகத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு நாள் என்னோடு வேலைக்குக் கூட்டிப்போனேன். பழைய அடுக்குமாடி ஒன்று. லிஃப்ட் கூண்டுக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே குடியிருக்கிற ஒருத்தர் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். நல்ல காட்சி, பார்த்துக்கொள் என்று நினைத்தேன். மெத்தை பேண்ட்டை மடக்கிவிட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, இது என்ன, அது எதற்கு என்று விடாமல் கேட்டான். என்னைத் திட்டிவிட்டுப் போன ஆள் திரும்பி வந்து, அவனுக்கு ஒரு கப் காபி கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவன் என் மனைவியிடம், "அண்ணி, சகல மட்டும் இல்லன்னா இந்த ஊரே மூச்சு வாங்கிட்டு மாடிப்படி ஏறணும்" என்றான். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அப்படிப் பார்ப்பாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் பெருமையை என் பெண்டாட்டிக்கு எடுத்துச் சொல்ல இவன் கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். "எல்லாருமா சேந்து டவருக்குப் போலாம்" என்றாள் மனைவி. "நீங்களும் வர்றீங்க. மேல வெச்சு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை அவள் தேர்ந்தெடுத்ததே நல்ல சகுனம் என்று பட்டது. போகிற முடிவைச் சொல்ல யாராவது ஊர் முழுக்கத் தெரிகிற உச்சிக்குக் கூட்டிப்போவார்களா? சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன்.

டவர் என்றால் இந்த ஊரிலேயே உயரமான கட்டடம். உச்சியில் சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு தளம். வெளியூரிலிருந்து வருகிறவன் முதலில் கேட்கிற இடம் அதுதான். அங்கே இருக்கும் இரண்டு லிஃப்ட்டும் எங்கள் கம்பெனி பொறுப்பு. மாதா மாதம் நான்தான் போவேன். பின்வாசல் வழியாக, ஆட்கள் வருவதற்கு முன், இருட்டோடு போய்விட்டு வந்துவிடுவேன். கூண்டின் கூரை மேல் உட்கார்ந்துதான் ஏறுவேன், கண் கம்பி வடத்திலும் கூண்டு ஓடும் தண்டவாளத்திலும் இருக்கும். உச்சியில் மெஷின் ரூம். அதில் ஜன்னல் கிடையாது. அதிலேயே டிஃபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவேன். கீழே ஊர் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்கு முன்வாசல் வழியாகப் போனோம். வாசலில் இருந்த காவலாளி மாதா மாதம் எனக்குப் பின்கதவைத் திறந்துவிடுகிறவர். இஸ்திரி போட்ட சட்டையில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மெத்தையைப் பார்த்துச் சிரித்து, "வாங்க, வாங்க" என்றார்.

லிஃப்ட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கூண்டு கிளம்பியதும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "அப்பா, இங்க பாருப்பா" என்று பாப்பா கத்தினாள். மெத்தை அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கொழுந்தியாள், "மாமா, இந்தப் பக்கம் வாங்க" என்றாள். நான் பழக்கத்தில் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தேன். பாதி தூரம் போயிருக்கும், எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டொக்.

கூண்டு ஆடாமல் போவதற்குப் பக்கவாட்டில் ரப்பர் உருளைகள் உண்டு. ஒன்று தளர்ந்திருந்தால், தண்டவாளத்தின் இணைப்பைத் தாண்டும்போது இப்படி ஒரு தட்டுத் தட்டும். ஆபத்து ஒன்றுமில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பார்த்துக்கொண்டாலும் போதும். ஆனால் எனக்கு அது போதவில்லை. ஏனென்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குள் இருந்த எல்லாருக்கும் வெளியே தெரிந்த ஊர் மெத்தையின் ஊராக இருந்தது. அவன்தான் கையை நீட்டி நீட்டி, அது பாலம், இது நாம் போன பூங்கா என்று காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் கேட்டது அந்த டொக் ஒன்றுதான். அதை விட எனக்கு மனசு வரவில்லை.

மேலே கதவு திறந்து எல்லாரும் இறங்கினார்கள். "நீ போ, இதோ வந்துடறேன்" என்றேன் மனைவியிடம். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் லிஃப்ட்டில் நிற்கும் பெண்ணிடம் என் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் டொக். இரும்புப் படியேறி மெஷின் ரூமுக்குப் போய், அந்த லிஃப்டை நிறுத்தினேன். அங்கே எங்கள் டூல்பாக்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். கூரை மேல் இறங்கி, ஸ்பானர் போட்டு உருளையை இறுக்கினேன். நெடுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. இஸ்திரி சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வேலை முடித்துத் தளத்துக்கு வந்தால் ஒரே கூட்டம். ஒரு லிஃப்ட் நின்றதால் கீழே போக வேண்டியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. என்னைக் கண்டதும் மெத்தை, "இவர்தான், இவர்தான்" என்று தமிழிலேயே வரிசை முழுக்கச் சொல்லி, ஸ்பானரைத் திருகுகிற மாதிரி அபிநயம் பிடித்து, என் தோளைத் தட்டினான். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இந்த ஊரில் எனக்கு விழுந்த முதல் கைத்தட்டல். அதையும் அவன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியைத் தேடினேன்.

அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரோலர் தளர்ந்திருந்துச்சு" என்றேன்.

"தெரியும். லிஃப்ட்ல எல்லாரும் வெளிய பாத்துட்டிருந்தாங்க, நீங்க மட்டும் கதவப் பாத்துட்டு, ஏதோ சத்தத்துக்குக் காதக் குடுத்துட்டு நின்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "அதோ, அந்த செவப்புத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பக்கத்துல நம்ம வீடு. தம்பிதான் கண்டுபிடிச்சாரு."

எனக்கு முதலில் தெரியவில்லை. அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டிய பிறகு தெரிந்தது. மொட்டைமாடியில் கொடி கட்டியிருந்தது, துடைப்பத்தின் ஜன்னலில் பூத்தொட்டி இருந்தது. அதன் பின்னால் குளம் வெயிலில் மின்னியது. இங்கிருந்து பார்த்தால் யாரோ கொடுத்துவைத்தவர்கள் குடியிருக்கிற வீடு மாதிரி இருந்தது.

"இந்த ஊரு எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மெத்தை வாழ்க என்றுகூட நினைத்தேன். "அப்ப இருந்துடலாம்" என்றேன்.

"இல்ல. அதனாலதான் போறேங்கறேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளன்னிக்கு அந்தக் குளிருக்குள்ள போய் நின்னேன்னா இதெல்லாம் போயிடும். அந்தக் குளம், இந்த மழை, கீழ் வீட்டம்மா, எல்லாம் போயிடும். அப்புறம் இந்த டவரும் வேலைக்குப் போற பஸ் எங்க திரும்பும்ங்கறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். இங்கயே இருந்தா இந்த ஊரு எனக்குக் கெடைக்காதுங்க. நான் பாப்பாவ ஊர்ல பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன். லீவுக்கு லீவு அவளக் கூட்டிட்டு இங்க வர்றேன். அப்ப நீங்க லீவு போட்டு வைங்க, எங்களச் சுத்திக் காட்டுங்க."

"நான் என்ன பண்றது?"

"நீங்களும் வாங்கன்னு நாலு மாசமா கேட்டேன். இன்னிக்கு லிஃப்ட்லயும் கேக்கத்தான் நெனச்சேன். உங்களால இந்தச் சத்தத்த விட்டுட்டு வர முடியாது."

மறுபேச்சு பேசக் கூடாது என்று ஒப்புக்கொண்டவன் நான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மெத்தை ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து, "சகல, அப்படியே நில்லுங்க. கைய அண்ணி தோள் மேல போடுங்க" என்றான். கையெல்லாம் கிரீஸ் என்று காட்டினேன். "பரவால்ல, போடுங்க" என்றாள் அவள். போட்டேன். ஃபோட்டோவுக்கு அவள் சிரித்தாள். இரண்டு வாரமாக ஒவ்வொரு சாயங்காலமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட சிரிப்பு அது.

மெத்தையின் மேல் எனக்கு இருந்த பொறாமை அந்த இடத்திலேயே ஆறிப்போனது. அவன் நாளைக்குப் போய்விடுவான். எனக்கு இப்போது அவள் மேல் பொறாமையாக இருந்தது. இனி பஸ் அவளுக்காக நிற்கும். மழை அவளுக்காகச் சத்தமில்லாமல் பெய்யும். துடைப்பம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து பிஸ்கட் கொடுப்பாள். என் வீட்டுக்கு அவள் வருவாள், நான் கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுப்பேன்.

"வந்தா எத்தன நாள் இருப்ப?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் என் கையைத் தோளிலிருந்து எடுக்காமல், வெளியே பார்த்தபடி, "ரெண்டு வாரந்தாங்க" என்றாள்.